டிவிஷன் லீக்கை விட்டுவிட்டு எங்கே ஓடுகிறீர்கள்?

மறுபடியும் ஒரு பையன். பதினேழு வயது, லெஃப்ட் பேக், சென்னை கால்பந்து லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்றில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தவன். "ஐஎஸ்எல் அணியில் நேரடி செலக்‌ஷன்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒருவரை நம்பி, அவன் அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டார். ஐஎஸ்எல் என்றால் நாட்டின் முதல்நிலை கால்பந்து லீக். இப்போது அந்த எண் அணைந்து கிடக்கிறது. பையன் லீக்கையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பயிற்சியாளராக இதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது.

"டிவிஷன் மேட்சை யார் சார் பார்க்கிறாங்க?" என்று கேட்டார் அந்த அப்பா. இதைத்தான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். கேலரி காலிதான். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பாருங்கள்: மேல் டிவிஷன் கோச், ஆபீஸ் டீம் ஆள், அடுத்த மேட்ச் ஆட வந்த அணி. ஆள் எடுப்பவர்கள் அவர்கள்தான். நந்தகுமார் சேகர் சென்னை சீனியர் டிவிஷனில் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸுக்கு ஆடியவர். அங்கிருந்து 2017-இல் சென்னை சிட்டி கிளப், அப்புறம் ஐஎஸ்எல். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் அவருடையது. இங்கிலாந்தில் ஜேமி வார்டி எட்டாம் அடுக்கு லீக்கில் ஆடியவர். 25 வயதில் லெஸ்டர் சிட்டி கிளப், 2016-இல் பிரீமியர் லீக் கோப்பை.

சரி, யாருமே பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆடத்தான் வேண்டும். அகாடமியில் சம வயதுப் பையன்களோடுதான் மோதுகிறான். டிவிஷன் லீக்கில் எதிரே வருபவர் முப்பது தாண்டிய ஃபார்வர்ட். ஓட்டம் குறைந்திருக்கும். ஆனால் பந்து வருவதற்கு முன்பே முழங்கையை மடக்கிப் பையன் நெஞ்சில் அணை கொடுத்துவிட்டு, ஒரே திருப்பில் போய்விடுவார். மூன்று தடவை ஏமாந்த பையன் நாலாவது தடவை ஒட்டி நிற்காமல் அரையடி விட்டு நிற்பான். அந்த அரையடியை நான் மைதானத்தில் கோன் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. பெரிய பெயர் போட்ட ஜெர்சியோடு பெஞ்சில் இருப்பதைவிட மூன்றாம் டிவிஷனில் 90 நிமிடம் ஆடுவது எவ்வளவோ மேல். தரை கட்டாந்தரைதான், வெயிலும் கொளுத்தும். அதையெல்லாம் சங்கங்கள் சரிசெய்தே ஆகவேண்டும். அதற்காக லீக்கே வேண்டாம் என்று விடாதீர்கள்.

செலக்‌ஷனுக்கு உத்தரவாதம் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். தொழில்முறை கிளப் வீரருக்குச் சம்பளம் கொடுக்கும், வீரரிடம் வாங்காது. ட்ரையல்ஸ் என்றால் அந்த கிளப்பையே நேரில் கேளுங்கள். 18 வயதுக்குள் வெளிநாட்டு கிளப்புக்கு மாறுவதை ஃபிஃபா விதி தடுக்கிறது. பெற்றோர் வேறு காரணத்துக்காக அங்கே குடியேறுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே பதினாறு வயதுப் பையனுக்கு ஐரோப்பா ஒப்பந்தம் என்று ஒருவர் வந்தால், எந்த விலக்கில் என்று கேளுங்கள். ஏஜென்ட் என்று சொன்னால் ஃபிஃபா தளத்தில் உள்ள உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். உங்கள் பையன் சிஆர்எஸ்ஸில், அதாவது அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர் பதிவுத் தளத்தில், எந்த கிளப் பெயரில் பதிவாகியிருக்கிறான் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். பையனைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. பழைய கிளப் செயலாளரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அடுத்த வீரர் பதிவு திறக்கும்வரை பயிற்சிக்காவது சேர்த்துக்கொள்வார்கள்.