குதிரையின் எதிர்ப்பொருள் பாம்பு நஞ்சை முறிக்கும் விதம்

பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனைகளில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, குதிரையின் உடல் பல மாதங்களில் உருவாக்கிய எதிர்ப்பொருள்களால், அதாவது அந்நியப் பொருள்களைப் பற்றிப் பிடிக்கும் புரதங்களால் ஆனது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் அங்கே எடுக்கப்படும் நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அதைத் தீங்கு செய்யாத சிறு அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் குதிரைகளுக்குச் செலுத்துகிறார்கள்.

குதிரையின் இரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் உள்ள, எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரே வகை எதிர்ப்பொருளைத் தாங்கி நிற்கின்றன. எதிர்ப்பொருளுக்கான மரபணுத் துண்டுகள் ஒவ்வொரு செல்லிலும் தற்செயலாக வெட்டி ஒட்டப்படுவதால், கோடிக்கணக்கான வடிவங்கள் பிறக்கின்றன. இதைக் கண்டறிந்த சுசுமு தொனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. பாம்பையே பார்த்திராத குதிரையின் உடலிலும் அதன் நஞ்சைப் பற்றக்கூடிய சில செல்கள் முன்கூட்டியே இருக்கின்றன என்பது, உயிரியலில் எனக்கு மிகுந்த வியப்பளிக்கும் உண்மைகளுள் ஒன்று. நஞ்சு நுழைந்ததும் அந்தச் செல்கள் மட்டும் பெருகுகின்றன. பெருகும்போது அவற்றின் மரபணுக்களில் சிறு மாற்றங்கள் நேர்கின்றன. நஞ்சை இன்னும் இறுகப் பற்றுபவை தழைக்க, மற்றவை மடிகின்றன. பல மாதங்களுக்கு மீண்டும் மீண்டும் நஞ்சு செலுத்துவதன் காரணம் இதுவே.

இரண்டு நீண்ட சங்கிலிகளும் இரண்டு குட்டைச் சங்கிலிகளும் சேர்ந்த எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகளும் ஒரு வாலும் உண்டு. கைகளின் நுனிதான் நஞ்சைப் பற்றுகிறது. நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு, தசையின் மேல் நரம்பின் செய்தியை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டினால்தான் மூச்சுத் தசைகளை முடக்க முடியும். அது ஒட்ட வேண்டிய முகத்தை எதிர்ப்பொருள் மறைத்துவிட்டால், நஞ்சு இரத்தத்தில் இருந்தும் பயனற்றுப் போகிறது. கிருமிகள் நுழையும்போது, அவற்றை விழுங்கி அழிக்கும் செல்களை அழைக்க வால் பகுதி தேவைப்படும். நஞ்சை முறிக்க அது வேண்டியதில்லை என்பதாலும், ஒவ்வாமையைக் குறைப்பதற்காகவும், பெப்சின் நொதியைக் கொண்டு வாலை வெட்டிவிட்டுக் கைகளை மட்டுமே குப்பிகளில் அடைக்கிறார்கள்.

இந்திய மருந்தின் ஒரு மில்லிலிட்டர், கண்ணாடிவிரியனின் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். பத்து மில்லிலிட்டர் குப்பி ஒன்று 6 மில்லிகிராமை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் செலுத்தும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம் என்பதால்தான் மருத்துவர்கள் எட்டு முதல் பத்துக் குப்பிகளில் தொடங்குகிறார்கள். குழந்தைக்கும் இதே அளவுதான். முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய நஞ்சை, அதற்கும் குழந்தையின் எடைக்கும் தொடர்பில்லை.

எதிர்ப்பொருளால் நஞ்சைப் பிடிக்க முடியுமே தவிர, நஞ்சு செய்து முடித்த சேதத்தைத் திருப்ப முடியாது. கண்ணாடிவிரியன் கடித்தவரின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால், உறைதல் காரணிகளை நஞ்சு தீர்த்துவிட்டது என்று பொருள். மருந்து ஏற்றிய பிறகும் கல்லீரல் அவற்றைப் புதிதாக உண்டாக்கச் சில மணி நேரம் பிடிப்பதால், ஆறு மணி நேரம் கழித்தே மறுபடி சோதிக்கிறார்கள். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்துவிடும்; அதன்பின் எத்தனை குப்பி ஏற்றினாலும் முனை மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசம்தான் உயிரைக் காக்கும். கடிபட்டவரை வேறெங்கும் அலைக்கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

நல்ல பாம்பின் நஞ்சுக்கு எதிரான மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் என்று 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் நம்பினார். பாம்புக்குப் பாம்பு எதிர்ப்பொருள் மாறும் என்பதைப் பிரேசிலில் மருத்துவர் விட்டல் பிரசில் நிறுவினார். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள மூக்கு மேடிட்ட சிறு குழிவிரியனின் நஞ்சை நம் மருந்து இன்றும் முறிப்பதில்லை.

நோயாளிக்குக் கிடைப்பது இரவல் எதிர்ப்பொருள். அவருடைய பி செல்கள் அதையே அந்நியப் புரதமாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கினால், ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்புத் தடிப்பு வரலாம். குதிரையின் எதிர்ப்பொருள்கள் நாளடைவில் சிதைந்து மறைந்துவிடும் என்பதால், அவர் மறுபடி கடிபட்டு உடலில் நஞ்சு ஏறினால் மீண்டும் முழு அளவு மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.