சாத்திய கதவைத் தள்ளினாலும் ஹவுஸ்பிரேக்கிங்தான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நம் வீட்டுப் பையனை ஹவுஸ்பிரேக்கிங் (குற்றம் செய்ய வீடு புகுதல்) கேஸ் என்று போலீஸ் கூட்டிப்போனால், பெரியவர்கள் முதலில் கேட்பது, "பூட்டை உடைத்தானா?" என்றுதான். தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தாலே உடைத்த கணக்கு. ஆள் முழுசாக உள்ளே போகவும் வேண்டாம். மூடிய ஜன்னலைத் தள்ளி, கம்பி இடுக்கில் கொக்கிக் குச்சியை விட்டு, மேசைமேல் கிடந்த கைப்பையை இழுத்தாலும் வீடு புகுந்ததுதான். அதே ஜன்னல் அகலத் திறந்து கிடந்திருந்தால் அது வெறும் திருட்டு.

உள்ளே போய்க் குற்றம் செய்யும் எண்ணமும் இருந்தது என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரர் வரச் சொன்னார் என்றோ, அந்த நேரம் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்றோ பையன் சொன்னால், அதை நிரூபிக்கும் பாரம் அவன் தலையில் விழாது. அவன் சொல்வது உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே விடுதலை செய்தாக வேண்டும். திருட்டுப் பொருள் கையில் அகப்பட்டாலும் இதே அளவுகோல்தான்.

இவ்வளவு தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் குறித்த எண் கிடையாது. மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட் 3 ஆண்டுவரை தரலாம், அதற்கு மேலே உள்ள ரீஜனல் கோர்ட் 15 ஆண்டுவரை. வீட்டில் ஆள் இருக்கும்போது ஆயுதம் காட்டிப் பறித்தால் அது கொள்ளை. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தண்டனையைக் குறைக்க வலுவான காரணம் இல்லாவிட்டால் அதற்கு முதல் குற்றத்துக்கே குறைந்தது 15 ஆண்டு.

கைதான 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். அது கோர்ட் இல்லாத நேரத்தில் முடிந்தால், அடுத்த கோர்ட் நாளில். ஹவுஸ்பிரேக்கிங் கேஸுக்கு போலீஸ் தானாக ஜாமீன் தர முடியாது. அரசு வழக்கறிஞர் தரலாம், அதனால் அன்று இரவே கேட்டுப்பாருங்கள்.

"ஒத்துக்கொள்ளப்பா, விட்டுவிடுவார்கள்" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். வாய் திறக்காமல் இருக்க அரசியல் சாசனமே அவனுக்கு உரிமை தருகிறது. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவருக்கு ஆங்கிலம் பிடிபடவில்லையா, விசாரணையை மொழிபெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் அரசுச் செலவில் வக்கீல் தரும் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவிடம் போங்கள். அதற்குள் அந்த நேரத்தில் கூட இருந்தவர்கள் பெயரை எழுதிவையுங்கள். பக்கத்துக் கடை கேமராப் பதிவையும் அழிவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள்.