ஸ்ட்ரைக் ரேட்டை மட்டும் பார்த்து ஓப்பனரை எடைபோடாதீர்கள்

பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு பேட்டிங் சொல்லிக்கொடுப்பது என் வேலை. 50 ஓவர் மேட்ச் முடிந்த கையோடு பெற்றோர் போனில் ஸ்கோர் ஆப்பைத் திறந்து நீட்டுவார்கள். "சார், 60 பால்ல 45 அடிச்சிருக்கான். ஸ்ட்ரைக் ரேட் 75தான் வருது. இந்தக் காலத்துல இது பத்துமா?"

ஸ்ட்ரைக் ரேட் என்பது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, ஓப்பனராக, அதாவது முதலில் இறங்கி ஆடும் பையனின் ஆட்டத்தையே மாற்றச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

60 பந்தில் 45 ரன் எப்படியெல்லாம் வரலாம் என்று பாருங்கள். ஒருவன் 9 பவுண்டரி, 9 சிங்கிள் எடுக்கிறான். மீதி 42 பந்தும் டாட், அதாவது ரன் வராத பந்து. இன்னொருவன் 3 பவுண்டரி, 33 சிங்கிள். அவனுக்கு டாட் 24தான். ஆப்பில் இரண்டு பேருக்கும் 75 என்றே காட்டும். முதல் பையன் மோசமான பந்துக்காகக் காத்திருந்து அடிக்கிறான். பவுலர் ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் மாட்டிக்கொள்வான். அதுவரை எதிர்முனையில் நிற்பவனும் ஸ்ட்ரைக் கிடைக்காமல் தவிப்பான். இரண்டாமவனுக்கு நான் சேர்த்துக்கொடுக்க வேண்டியது ஒன்றிரண்டு பெரிய ஷாட் மட்டும். முதலாமவனுக்கு அடிப்படையே பாக்கி இருக்கிறது.

எந்த ஓவரில் டாட் வந்தது என்பது அதைவிட முக்கியம். ஒருநாள் ஆட்டத்தில் முதல் 10 ஓவருக்கு பிட்ச்சைச் சுற்றியுள்ள 30 கஜ வட்டத்துக்கு வெளியே 2 பேர்தான் நிற்கலாம். பவுலர், கீப்பர் போக 7 பேர் உள்ளேயே நிற்பதால் சிங்கிள் கிடைப்பது கஷ்டம். தலைக்கு மேல் தூக்கினால் பவுண்டரி. 11-வது ஓவரிலிருந்து 4 பேர் வெளியே போகலாம். இப்போது பவுண்டரி வாய்ப்பு சுருங்கி, லாங்-ஆன், டீப் பாயின்ட் பக்கம் சிங்கிள் தாராளமாகத் திறக்கும். புதுப் பந்து ஸ்விங் ஆகும்போது முதல் நாலைந்து ஓவரில் விட்ட பந்துகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நல்ல பந்தை விடத் தெரிவதும் திறமைதான். ஆனால் 14-வது ஓவரில் ஒரு ஆஃப் ஸ்பின்னரிடம் நாலு பந்து தொடர்ந்து டாட் ஆனால் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

"இந்திய ஓப்பனர் ரோஹித் சர்மா அடிக்கிறாரே" என்பார்கள். 2019 உலகக்கோப்பையில் அவர் 5 சதத்தோடு 648 ரன் எடுத்தார். ஸ்ட்ரைக் ரேட் 98. 2023-இல் 597 ரன், ஸ்ட்ரைக் ரேட் கிட்டத்தட்ட 126. பெரிய ஸ்கோரை விட்டுக்கொடுத்து அவர் அப்படி ஆட முடிந்ததற்குக் காரணம், பின்னால் கோலி, ஷ்ரேயஸ், ராகுல் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அகமதாபாத் ஃபைனலில் 31 பந்தில் 47 அடித்து, பத்தாவது ஓவரில் மேக்ஸ்வெல்லைத் தூக்கி, ஹெட் பின்னால் ஓடிப் பிடித்த கேட்சில் போனார். அடுத்த ஓவரில் ஷ்ரேயஸும் அவுட். அதன்பிறகு 97 பந்துக்கு ஒரு பவுண்டரிகூட வரவில்லை, மொத்தம் 240. ரோஹித் ஆடியது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஓப்பனரின் வேகம் அவருக்குப் பின்னால் வருபவர்களையும் சேர்த்துப் போடும் கணக்கு என்கிறேன்.

1996 உலகக்கோப்பையிலும் இதே கதைதான். டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை ஓப்பனர்கள் ஜெயசூரியாவும் களுவிதாரணவும் முதல் 3 ஓவரில் 42 அடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே ஜோடி கொல்கத்தா அரையிறுதியில் ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே போய், ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 1 ஆனது. அன்று 47 பந்தில் 66 அடித்துத் தூக்கி நிறுத்தியவர் அரவிந்த டி சில்வா. லாகூர் ஃபைனலிலும் 23 ரன்னுக்குள் இருவரும் காலி. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. உலகக்கோப்பை முடிந்த அடுத்த மாதமே சிங்கப்பூர் ஃபைனலில் ஜெயசூரியா 28 பந்தில் 76 அடித்தார். 216 இலக்கு. அவர் போனதும் அணி 172-க்குச் சுருண்டது.

நாலாம் நம்பரோடு பேட்டிங் முடிந்துபோகும் ஒரு 16 வயதுக்குட்பட்டோர் அணியின் ஓப்பனரிடம் இந்த அதிரடியைக் காப்பியடிக்கச் சொல்வது சரியா?

டாட் பாலைக் குறைக்க என்ன செய்வது? நெட்ஸில் ஃபீல்டர் கிடையாது. எது கேப் (ஃபீல்டர் இல்லாத இடம்) என்றே பையனுக்குத் தெரியாது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது நடு பிட்ச்சில், ஃபீல்டருக்குப் பதிலாக கோன் வைத்து ஆடவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரச்சினை கீழ்க்கையில். ஸ்பின்னரைத் தடுக்கும்போது கீழ்க்கைப் பிடி இறுகியிருந்தால் பந்து 'டொக்' என்று நேராக பவுலரிடமே திரும்பிப் போகும். அந்தக் கையை இரண்டு விரல் பிடியாகத் தளர்த்தி, பேட் முகத்தை லேசாகத் திறந்தால், அதே பந்து கவர் பக்கம் நாலடி உருண்டு நிற்கும். எதிர்முனைக்காரன் பேக்-அப் செய்திருந்தால், அதாவது ஓடத் தயாராக முன்னே நகர்ந்திருந்தால், சுளையாக ஒரு ரன். இதற்குத் தோள்பலம் வேண்டாம். பதிமூன்று வயதிலேயே பழக்கலாம்.

பெற்றோரிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். மேட்ச் முடிந்ததும் பந்துக்குப் பந்து ஸ்கோரை எடுத்து, 11 முதல் 20 ஓவர் வரை உங்கள் பிள்ளைக்கு எத்தனை டாட் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அதை வைத்துப் பேசலாம். பவுண்டரி லைனில் நின்று "அடிடா" என்று குரல் கொடுக்காதீர்கள். இரண்டு டாட் ஆனதும் பையன் தலையைத் திருப்பி அப்பா முகத்தைப் பார்க்கிறான். அடுத்த பந்து எங்கே விழுந்தாலும் பந்து வரும் லைனைப் பார்க்காமல் சுழற்றுகிறான். மிட்-விக்கெட்டில் கேட்ச்.