ஜெலசி: ஒத்தெல்லோ பட்டது பொறாமையா?

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வைத் தமிழில் அறிமுகப்படுத்துபவர்கள் பெரும்பாலும் ‘பொறாமையால் அழிந்த தளபதியின் கதை’ என்று தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உறுத்தும். யார் மேல் பொறாமை? டெஸ்டிமோனா அவன் மனைவி. காசியோ அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் அதிகாரி. தன்னிடம் இல்லாத எதை அவர்களிடம் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது? அவர்கள் இருவருக்கும் தொடர்பு என்று இயாகோ என்ற இன்னோர் அதிகாரி நம்பவைத்ததால்தான் அவன் மனைவியைக் கொல்கிறான்.

ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ஜெலசி. அகராதியில் அதற்குப் பொறாமை, அழுக்காறு என்றுதான் முதலில் போட்டிருக்கும். ‘நான் வண்டி வாங்கினதுல அவனுக்கு ஒரே ஜெலசி’ என்று நாம் பேசுவதும் அதே பொருளில்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாதி உண்டு. நாடகம் நடப்பது அந்தப் பாதியில்.

ஜெலசியின் வேர் கிரேக்கத்தின் ‘ஸேலோஸ்’. வேகம், வைராக்கியம், விடாப்பிடியான பற்று என்றெல்லாம் பொருள். இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தீவிர ஆர்வத்தைக் குறிக்கும் ‘ஸீல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் உடன்பிறப்பு. பொறாமைக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு சொல்லான ‘என்வி’ வேறு குடும்பம். அது இலத்தீனில் கெட்ட பார்வை பார்ப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. கிட்டத்தட்ட நம் ‘கண் வைப்பது’. என்வி அடுத்தவன் கையில் இருப்பதைப் பார்க்கிறது. ஜெலசி தன் கையில் இருப்பது போய்விடுமோ என்று பதறுகிறது. பேச்சில் ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சுக்காரர்கள் சாய்வான பலகைகள் வைத்த ஜன்னல் மறைப்புக்கும் ‘ஜலூஸி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. நாலாவது அங்கத்தில் இயாகோ சொல்படி ஒளிந்து நின்று, காசியோ சிரிப்பதை ஒத்தெல்லோ பார்க்கிறானே, அவன் நிலைமையும் அதுதான். பார்க்க முடிகிறது, எதற்குச் சிரிக்கிறான் என்பது சரியாகக் கேட்கவில்லை.

தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்தச் சொல்லிடம் சுதாரிப்பாக இருந்திருக்கிறார்கள். பத்துக் கட்டளைகளில் கடவுள் தன்னை ‘ஜெலஸ்’ என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் ‘எரிச்சலுள்ள தேவன்’ என்று போட்டார்கள், பொறாமையைத் தொடவில்லை. உன்னதப்பாட்டில் காதலின் இந்தக் குணத்துக்கு அவர்கள் வைத்த சொல் இன்னும் அழகு: நேசவைராக்கியம். வேறோர் இடத்தில் ‘ஸீல்’ வரும்போது ‘பக்திவைராக்கியம்’. கிரேக்க வேரின் இரண்டு கிளைகளும் ஒரே வைராக்கியத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

சரி, தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். பொறாமை என்றால் பொறுக்க முடியாமை. எதைப் பொறுக்க முடியாமை என்று சொல்லுக்குள் இல்லை. வழக்கில் அது அடுத்தவரின் நல்வாழ்வு. அழுக்காறும் அதேதான். ‘அழுக்கு ஆறு’, அதாவது அழுக்கான வழி என்று பிரித்துச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குறளிலேயே ‘அழுக்கறுப்பான்’ என்று வினையாகவும் வருகிறது. பெறு பேறு ஆனது போல அழுக்கறு அழுக்காறு ஆகியிருக்கிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆத்திசூடியில் ‘ஔவியம் பேசேல்’ என்று சின்ன வயதில் ஒப்பித்தோமே, அந்த ஔவியமும் பொறாமைதான்.

இந்த மூன்றும் நாடகத்தில் ஒருவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்: இயாகோ. தனக்கு வரவேண்டிய துணைத் தளபதி பதவி காசியோவுக்குப் போனதை அவனால் பொறுக்க முடியவில்லை. 1565இல் வெளிவந்த சிந்தியோவின் இத்தாலியக் கதைதான் நாடகத்துக்கு மூலம். அதில் வில்லன் தளபதியின் மனைவி மேல் ஆசை வைத்து, அது கைகூடாத ஆத்திரத்தில் சதி செய்கிறான். ஷேக்ஸ்பியர் அந்த ஆசையை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பதவி உயர்வை முன்னால் கொண்டுவந்தார்.

இயாகோ செய்வதற்கு நம் ஊர்ச் சொல் ‘வத்தி வைப்பது’. மூன்றாம் அங்கத்தில் அதை அருகிலிருந்து பார்க்கலாம். காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு விலகிப் போகிறான். ‘ச்சே, இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்கிறான் இயாகோ, தனக்குள் சொல்வது போல. என்ன சொன்னாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை பிரபு என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, காசியோ நேர்மையானவன் இல்லையா என்று ஒத்தெல்லோ கேட்கிறான். ‘நேர்மையா, பிரபு?’ என்ன நினைக்கிறாய்? ‘நினைப்பதா, பிரபு?’ அவ்வளவுதான். குற்றச்சாட்டு எதையும் அவன் சொல்லவில்லை. கேட்ட சொல்லையே திருப்பித் தருகிறான், அதில் மீதியை ஒத்தெல்லோவே நிரப்பிக்கொள்கிறான். அப்புறம், ஜெலசி பச்சைக் கண் பூதம், ஜாக்கிரதை என்று எச்சரிப்பதும் இயாகோதான்! கொளுத்திப் போட்டவனே தீ, தீ என்று கத்துகிறான்.

அப்படியானால் ஒத்தெல்லோவுக்கு வந்ததற்கு என்ன பெயர்? பேச்சில் சந்தேகம். எழுத்தில் எனக்குப் பிடித்த சொல் ஐயுறவு. ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறள் இது:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவனை நம்புவது, நம்பித் தெளிந்த பிறகு ஒருவரைச் சந்தேகிப்பது, இரண்டும் தீராத துன்பம். அரசன் ஆள் எடுப்பதற்குச் சொன்ன குறள்தான். ஆனால் முதல் பாதியில் இயாகோவும் இரண்டாம் பாதியில் டெஸ்டிமோனாவும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். நாடகம் முழுக்க ‘நேர்மையான இயாகோ’ என்று அழைக்கப்படுகிறவனை யாரும் ஆராய்வதே இல்லை.

ஜெலசிக்கு மூன்றாவதாக ஒரு தமிழும் உண்டு, அதுவும் இந்த நாடகத்தில் வருகிறது. ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை இயாகோவின் கைவரிசையால் காசியோ அறைக்குப் போகிறது. அவன் அதைத் தன்னிடம் வந்து போகும் பியாங்காவிடம் கொடுத்து, இதே பூவேலையை இன்னொரு துணியில் எடுத்துத் தா என்கிறான். புதிதாக எவள் கொடுத்தது என்று அவள் சீறுகிறாள். ‘உனக்கு ஜெலசி’ என்கிறான் காசியோ. இதைப் பொறாமை என்றோ சந்தேகம் என்றோ எழுதினால் கெட்டுவிடும். இது ஊடல். குறளில் காதலன் தும்ம, வாழ்த்திவிட்டு உடனே ‘யாரை நினைத்துத் தும்மினீர்?’ என்று அழுகிறாளே, அந்த ஊடல். இரண்டாம் முறை வந்து கைக்குட்டையை அவன் மேல் வீசிவிட்டு, ராத்திரி சாப்பிட வருவதானால் வா என்று சொல்லிப் போகிறாள். அதே கைக்குட்டை ஒத்தெல்லோ வீட்டில் கொலைக்குச் சாட்சியமாகிறது.

பெண்ணுக்கு வந்தால் ஊடல், ஆணுக்கு வந்தால் விசாரணை. நம் செய்தித்தாள்களில் இதற்கென்றே தேய்ந்துபோன ஒரு வரி இருக்கிறது: ‘மனைவியின் நடத்தையில் சந்தேகம் அடைந்த கணவர்’. சந்தேகம் அவருடையது; ஆனால் வாக்கியத்தில் முதலில் வந்து நிற்பது அவள் நடத்தை. டெஸ்டிமோனாவும் அப்படித்தான் யோசிக்கிறாள்: நான் காரணம் எதுவும் தரவில்லையே! எமிலியா அதை ஏற்பதில்லை. காரணம் இருப்பதால் அவர்கள் சந்தேகப்படுவதில்லை, சந்தேகப்படுகிறவர்கள் என்பதால் சந்தேகப்படுகிறார்கள். அது தன்னைத்தானே பெற்றுக்கொள்ளும் பூதம் என்கிறாள். இயாகோவின் மனைவி சொல்வது இது. தன்னையும் ஒத்தெல்லோவையும் சேர்த்துச் சந்தேகித்த கணவனோடு குடும்பம் நடத்துகிறவள்.

கடைசிப் பேச்சில் ஒத்தெல்லோ தன்னைப் பற்றி எழுதச் சொல்லும்போது இந்தச் சொல் மறுபடி வருகிறது. ‘எளிதில் பொறாமைப்படாதவன்’ என்று பெயர்த்தால் பேச்சே குப்புற விழும். ‘எளிதில் ஐயுறாதவன், மூட்டிவிடப்பட்டதும் எல்லை கடந்து கலங்கியவன்’ என்று போடலாம். ‘மூட்டிவிடப்பட்டதும்’ என்ற செயப்பாட்டுவினையை மட்டும் மாற்றாமல் வைக்கவேண்டும். மனைவியின் உடல் கட்டிலில் கிடக்க, அவன் தேர்ந்தெடுத்த வினை அது.