மேலே சிவப்பு, கீழே வெள்ளை: ஓரல்ஸுக்குப் படிக்கும் தம்பிகளுக்கு

செகண்ட் மேட் (கப்பலின் இளநிலை அதிகாரி) ஓரல்ஸுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் வந்ததும் கறுப்புப் பலகையில் ஒரு சிவப்பு வில்லை, அதற்குக் கீழே ஒரு வெள்ளை வில்லை, இரண்டை மட்டும் வைப்பேன். "ராத்திரி இரண்டு மணி, கப்பலைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச் நீதான், எதிரே இது தெரிகிறது, சொல்லு." "மீன்பிடிப் படகு சார், ட்ராலர் (இழுவலைப் படகு) இல்லை, ரூல் 26" என்று பதில் பறந்து வரும். சரிதான், கடலில் கப்பல்கள் மோதாமல் இருக்க உள்ள சர்வதேச விதிகளில் 26-வது அது. "எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்டால் அமைதி. அப்புறம் ஒருவன் "நம்மைப் பார்த்து வருது சார்" என்பான், இன்னொருவன் "முதுகைக் காட்டுது" என்பான். பக்க விளக்கும் இல்லை, பின் விளக்கும் இல்லை, அப்படியென்றால் படகு ஓடவில்லை, வலையோடு நிற்கிறது. அதன் முகம் எந்தப் பக்கம் என்று விளக்கைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பக்கத்தில் இன்னொரு வெள்ளை தெரிந்தால் அந்தத் திசையில் வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

விதிகளை வரி வரியாக மனப்பாடம் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. எக்ஸாமினர் வரி பிசகாமல் கேட்பார், சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வரி எந்தக் கடலுக்காக எழுதப்பட்டது என்று தெரியாமல் பாஸ் ஆகி பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறையில், ஏறுகிற பையனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' என்ற விசைப்படகின் மேல் கப்பல் மோதியது. படகில் 14 பேர், பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டம் ராமன்துறைக்காரர்கள். உயிரோடு மீட்கப்பட்டது இரண்டு பேர்தான்.

அதனால் மோதும் ஆபத்து இருக்கிறதா என்று கணிக்கிற ரூல் 7-ல் நான் அதிக நேரம் உட்கார வைப்பேன். எதிரே தெரிகிற விளக்கின் பேரிங்கை (அது தெரியும் திசையை) காம்பஸில் எடு, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடு. பேரிங் மாறவில்லை, தூரம் மட்டும் குறைகிறது என்றால் மோதப் போகிறாய். இதைச் சொல்லாத மாணவன் இல்லை, பிரிட்ஜில் எழுந்துபோய் எடுக்கிறவன்தான் குறைவு, ரேடாரில் ஒன்றும் இல்லையே என்று நாற்காலியில் இருந்துவிடுகிறான். மரப்படகும் ஃபைபர் படகும் ரேடாரில் பளிச்சென்று விழாது, அலை கொஞ்சம் எழுந்தால் அந்த இரைச்சலிலேயே காணாமல் போகும். அரைகுறைத் தகவலை, குறிப்பாக அரைகுறை ரேடார் தகவலை, வைத்து முடிவெடுக்காதே என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஒரு கடல் மைலுக்கு ஐந்து நிமிடம். மூன்று மைலில் ஒரு விளக்கைப் பார்த்தால், அது நின்றுகொண்டிருந்தாலும் உன் கையில் பதினைந்தே நிமிடம். அது உன்னை நோக்கி வந்தால் இன்னும் குறைவு.

நம் கரையோரத்தில் எல்லாப் படகும் பாடப்புத்தக விளக்கோடு நிற்காது என்பதும் உண்மை. வெறும் வெள்ளை எல்இடி மட்டும் எரியும், சில சமயம் கடைசி நேரத்தில் ஒரு டார்ச் அடிப்பார்கள். அப்போது "அவன் விதிப்படி விளக்கு போடவில்லை" என்ற பதில் எங்கும் எடுபடாது, விதியைக் காட்டி அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்கிற ரூல் 2 அதற்காகத்தான் இருக்கிறது.

பனிமூட்டத்தில் மட்டும் ஒரு பொதுத் தவறு. "அவன் என் போர்ட் (இடது) பக்கம், அவன்தானே வழிவிடணும்" என்கிறார்கள். ஒருவரையொருவர் கண்ணால் பார்க்க முடியாதபோது ரூல் 19, அதில் வழிவிடுகிறவன், நேரே போகிறவன் என்ற பேச்சே கிடையாது.

சென்னையில் இருப்பவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாள் மாலை கடற்கரைக்குப் போங்கள். வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும்: முன்னால் உயரத்தில் ஒரு வெள்ளை, பின்னால் தாழ ஒரு வெள்ளை, 100 மீட்டருக்கு மேற்பட்டது என்றால் டெக் முழுக்க வெளிச்சம். எது முன், எது பின் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் இருட்டோடு காசிமேட்டுக்குப் போய் விசைப்படகுகள் வெளியேறுவதைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் என்ன விளக்கு இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது போனால் படகுகள் கட்டித்தான் கிடக்கும்.