ஃபைல் அழிந்தது தமிழ்ப் பேரால் இல்லை

மதுரையில் போட்டோ ஸ்டுடியோக்களுக்கு லினக்ஸ் பேக்கப் அமைத்துக் கொடுக்கப் போகும்போதெல்லாம் காதில் விழும் பேச்சு இது: "தமிழ்ல போல்டர் பேரு வச்சா ஸ்கிரிப்ட் சொதப்பிரும்ணே." ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) சொதப்புவது உண்மைதான். பழிதான் தமிழ் மேல் விழுகிறது.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். அதில் எந்த பைட்டும் ஸ்பேஸ் கிடையாது. வில்லங்கம் 'மேலூர் கல்யாணம்' என்ற பேரின் நடுவில் இருக்கும் இடைவெளியில். இங்கிலீஷில் வைத்தாலும் இதே கதிதான்.

நாம் அடிக்கும் வரியை ஆர்எம் (அழிக்க), சிபி (நகலெடுக்க) போன்ற கட்டளைகள் நேரே பார்ப்பதில்லை. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் என்ற நிரல் அதை வாங்கித் துண்டு போட்டு, ஆர்கியுமென்ட்களாக, அதாவது கட்டளைக்குத் தரும் தனித்தனிச் சொற்களாக, அடுக்கிக் கொடுக்கிறது. மேற்கோள் குறி இல்லாமல் ஒரு மாறியை (ஒரு மதிப்பைப் பேர் சொல்லிச் சேமித்து வைக்கும் இடம்) எழுதினால், அதன் மதிப்பையும் வெட்டும். எங்கே வெட்டுவது என்பதை ஐஎஃப்எஸ் என்ற மாறி சொல்லும். நீங்கள் மாற்றாத வரை ஸ்பேஸ், டேப், புதுவரி.

ஒரே டிஸ்க்கில் 'மேலூர் கல்யாணம்' என்று ஒரு போல்டர். பக்கத்திலேயே, எல்லா ஆல்பங்களின் இறுதி வடிவமும் இருக்கும் 'கல்யாணம்'. பழையதை அழிக்கும் ஸ்கிரிப்டில் ஆர்எம் -ஆர்எஃப் $போல்டர் என்று இருக்கிறது; அந்த மாறியின் மதிப்பு 'மேலூர் கல்யாணம்'. (படிக்க வசதியாக மாறிக்குத் தமிழில் பேர் வைத்தேன்; பேஷ் அதை ஏற்காது.) ஆர்எம் கையில் கிடைப்பது இரண்டு பேர்: மேலூர், கல்யாணம். முதலாவது இல்லவே இல்லை. 'கேட்காமல் அழி' என்னும் எஃப் போட்டிருப்பதால் முணுமுணுப்பும் வராது. இரண்டாவது இருக்கிறது. போய்விடும். அழிக்க நினைத்த 'மேலூர் கல்யாணம்' மட்டும் பத்திரமாக இருக்கும்!

பெரிய இடத்திலும் நடந்ததுதான். 2001-இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 2 என்ற பாட்டு மென்பொருளின் இன்ஸ்டாலர், பேரில் ஸ்பேஸ் இருந்த டிஸ்க்குகளில் சிலருடைய தகவல்களை இப்படித்தான் அழித்தது.

மருந்து, "$போல்டர்" என்று இரட்டை மேற்கோள். அப்புறம் வெட்டும் நடக்காது, மதிப்பில் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஃபைல் பேர்களாக விரியவும் செய்யாது. ஒற்றை மேற்கோள் போட்டால் மாறியே விரியாது, அது வேறு கதை. சிலர் மேற்கோளை மாறியின் மதிப்புக்குள்ளேயே போட்டு வைக்கிறார்கள். பலிக்காது, விரிந்து வந்த மேற்கோள் ஷெல்லுக்கு வெறும் எழுத்து. பல பேர்களைச் சேர்த்து வைக்க வேண்டுமா, அர்ரே (பல மதிப்புகளைத் தனித்தனியாக அடுக்கி வைக்கும் மாறி) பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்டுக்கு வந்த ஆர்கியுமென்ட்களை அப்படியே அடுத்த கட்டளைக்குத் தள்ள "$@", மேற்கோளோடு.

ஷெல்செக் என்ற இலவசக் கருவி மேற்கோள் விட்டுப்போன இடத்தைக் காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால், அழிக்கும் வரி உள்ள எந்த ஸ்கிரிப்டையும் அதில் ஓட்டாமல் வாடிக்கையாளர் மெஷினில் வைக்கவே கூடாது.

"என் மேக்ல நல்லாத்தானே ஓடுச்சு" என்பார்கள். 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கில் இயல்பாக வருவது பேஷ் இல்லை, இசட்-ஷெல் என்ற வேறு ஷெல். அது மேற்கோள் இல்லாத மாறியையும் வெட்டாது. அதே வரியை பேஷில் ஓடும் ஸ்கிரிப்டுக்குள் ஒட்டிப் பாருங்கள், வெட்டும்.