படம் ஓடும்போது மண்டை ஏன் கொஞ்சம் சும்மா இருக்கிறது?

"வேலை விட்டு வந்தா எந்நேரமும் படம்தான், கேட்டா மனசு சரியில்லையாம்!" பினாங்கில், பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ ஏதாவது ஒரு வீட்டு ஹாலில் இந்தத் திட்டை யாராவது இன்றைக்கும் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். திட்டுகிறவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம். மீதிப் பாதி சரியில்லை. மனச்சோர்வோ, மனம் சில காலம் தாழ்ந்தும் சில காலம் கட்டுக்கடங்காமல் ஏறியும் போகும் இருமுனைக் கோளாறோ உள்ள ஒருவர் படத்தையும் கதைப் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைத் தாண்டுவது சோம்பேறித்தனமாகத் தெரியலாம், ஆனால் அது ஏன் உதவுகிறது என்று உளவியலாளர்கள் நாற்பது வருடமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள், ஓரளவு தெளிவான பதிலும் கிடைத்திருக்கிறது.

இது ஏதோ நாலு பேர் பிரச்சினையும் இல்லை. 2023-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் சுமார் பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது, 2019-ஐப் போல இரண்டு மடங்கு. இங்கே மனச்சோர்வு என்று சொல்வது சம்பளம் போடத் தாமதமானால் வரும் வாட்டத்தை அல்ல. குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய நாள் முழுக்க, மனம் தாழ்ந்தோ எதிலும் நாட்டம் இல்லாமலோ கிடப்பது, கூடவே தூக்கமும் பசியும் கவனமும் கெட்டுப்போவது, இதைத்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரில் சொல்கிறார்கள்.

சரி, அப்படிப்பட்ட மனத்துக்குள் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. "நான் ஏன் இப்படி இருக்கிறேன், அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினேன், எனக்கு மட்டும் ஏன்" என்று மனம் அசைபோடுகிறது. யோசிப்பது போலத்தான் தோன்றும், ஆனால் எந்த முடிவுக்கும் வந்து சேராது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த அசைபோடலை ஆராய்வதிலேயே செலவிட்டவர். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் லோமா பிரியட்டா நிலநடுக்கம் வந்தது. தற்செயலாக அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனம் தாழும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்திருந்தார். பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மறுபடி போய்ப் பார்த்தபோது, அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் சோர்வு அதிகமாக இருந்தது. நிலம் எல்லோருக்கும்தான் ஆடியது.

அவரும் அவருடைய மாணவர்களும் ஆய்வுக்கூடத்தில் செய்த இன்னொரு சோதனை இன்னும் எளிது. ஏற்கெனவே மனம் வாடியிருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு எட்டு நிமிடம் தன்னைப் பற்றியே, தன் உடம்பில் தெம்பு எப்படி இருக்கிறது, தான் ஏன் இப்படி இருக்கிறோம் என்பதையே நினைக்க வேண்டும். மற்றது அதே எட்டு நிமிடம் தனக்குச் சம்பந்தமே இல்லாதவற்றை, வானத்தில் மேகம் திரள்வது மாதிரியானவற்றை, கற்பனை செய்ய வேண்டும். முதல் குழுவுக்கு மனம் இன்னும் தாழ்ந்தது, இரண்டாவது குழுவுக்கு நன்றாகவே தேறியது. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அதே சோதனையில் கலந்துகொண்ட, முதலிலேயே நல்ல மனநிலையில் இருந்தவர்களுக்கு எதைச் செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை! அதனால்தான் நன்றாக இருக்கிற அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் இது புரிவதில்லை. அவர்களுக்குத் தங்களைப் பற்றி எட்டு நிமிடம் யோசிப்பது வெறும் எட்டு நிமிடம்தான்.

அப்படியானால் "அதையே நினைக்காதே" என்று சொல்லிவிட்டால் போயிற்றே என்று தோன்றும், வீட்டில் சொல்வதும் அதைத்தான். அது நடக்காது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட மோசம், பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஆனால் அதே ஆய்வில் ஒரு வழியும் கிடைத்தது. கரடி வந்தால் அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு வோக்ஸ்வேகன் காரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சிலரிடம் சொல்லி வைத்தார்கள், அவர்களிடம் அந்தத் திரும்பி வருதல் குறைந்தது. வெறுமனே தள்ளினால் வரும், போய் நிற்க ஓர் இடத்தைக் காட்டினால் அடங்கும்.

இந்த இடத்தில்தான் படமும் புத்தகமும் உள்ளே வருகின்றன. அடுத்த வருடமே வெக்னரும் சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள்: மனச்சோர்வு உள்ளவர்களை ஒரு கெட்ட நினைப்பிலிருந்து நீங்களே கவனத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று விட்டால், அவர்கள் போய் நிற்பது இன்னொரு கெட்ட நினைப்பில். கடனைப் பற்றிய கவலையை விட்டு விலகி அப்பாவோடு போட்ட சண்டைக்குப் போவார்கள். சோர்ந்த மனத்துக்கு நல்ல வோக்ஸ்வேகன் எதுவும் கைக்கு எட்டுவதில்லை, அதனால் வெளியிலிருந்து யாரோ கட்டித் தந்தது ஒன்று தேவைப்படுகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு ஆள், ஊர், பிரச்சினை, பாட்டு என்று எல்லாம் தயாராக வரும் ஒன்று. அடுத்து எதை நினைப்பது என்ற முடிவைக்கூட அது நமக்காக எடுத்துவிடுகிறது.

இதற்கு மூளையில் ஒரு இடப் பிரச்சினையும் காரணம். இந்த நொடியில் நாம் கையில் வைத்திருக்கும் எண்ணங்களுக்கான இடத்தைச் செயல்படு நினைவு என்பார்கள். 1974-இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் அதை ஒலிக்கு ஒரு பகுதி, காட்சிக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் காட்டினார்கள். மாமாக் கடை மேசை மாதிரி சின்ன இடம் அது, ரொட்டிச் சானாய் தட்டும் தே தாரேக்கும் குழம்புக் கிண்ணமும் வந்துவிட்டால் போன் வைக்கவும் இடமிருக்காது. அசைபோடலுக்கும் இதே மேசைதான் வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் மனத்துக்குள் பேசும் பேச்சும் மனத்துக்குள் ஓடும் காட்சியும். படம் காட்சிப் பகுதியையும் ஒலிப் பகுதியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. புத்தகம் உள்பேச்சு நடக்கும் அதே இடத்தில் வேறொருவருடைய வாக்கியத்தை ஓடவிடுகிறது, காட்சியை நம்மையே வரையச் சொல்கிறது. உள்ளே "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்லிக்கொண்டே ஒரு கதையின் நான்கு பக்கத்தைப் புரிந்து படிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியவர் உளவியலாளர் எமிலி ஹோம்ஸ். 2009-இல் அவருடைய குழு சிலருக்கு 12 நிமிடக் கோரக் காட்சிகளைக் காட்டிவிட்டு, அரை மணி நேரம் கழித்து பாதிப்பேரைப் பத்து நிமிடம், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாடச் சொன்னது. விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனத்தில் பாய்வது குறைவாக இருந்தது. இது மனச்சோர்வு ஆய்வு இல்லை, அதிர்ச்சி நினைவு பற்றியது, ஆனால் மேசை நிரம்பினால் கெட்ட காட்சிக்கு இடம் குறைகிறது என்ற அதே கணக்குதான்.

மூளைப் படங்களும் கொஞ்சம் சொல்கின்றன. நாம் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது ஓய்வெடுக்காமல் வேலை செய்யும் சில பகுதிகளை மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிள் 2001-இல் இயல்புநிலை வலைப்பின்னல் என்று அடையாளம் காட்டினார். தன்னைப் பற்றிய நினைப்பு, பழைய கதை, நாளைக் கவலை இதெல்லாம் ஓடும்போது இது சுறுசுறுப்பாக இருக்கிறது, வெளி வேலையில் கவனம் போனால் பெரும்பாலும் அடங்குகிறது. 2004-இல் யூரி ஹாசன் ஒரு பழைய கௌபாய் படத்தின் அரை மணி நேரத்தை ஸ்கேனருக்குள் படுத்தவர்களுக்குப் போட்டுப் பார்த்தார். தனித்தனியாகப் பார்த்த அவர்களுடைய மூளையில் பல பகுதிகள் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கின. நன்றாக எடுத்த படம் நம் கவனத்தைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாப் படமும் இழுப்பதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வரும் ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் தம்பி ஒருவர், பல மாதம் மருந்து சாப்பிட்டு வருகிறவர், தினமும் ஒரே காமெடிக் காட்சிகளைப் போனில் ஓடவிடுவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் கேட்டேன். "நான் பார்க்கிறதே இல்லண்ணே, அது பாட்டுக்கு ஓடும், மண்டைக்குள்ள வேற ஓடும்" என்றார். அதே ஆள் ஒரு துப்பறியும் தொடரின் நடுவில் இருந்த வாரத்தில், இறங்க வேண்டிய வாசலை விட்டுவிட்டு அடுத்த ஃபேக்டரி வரை போய்விட்டார்.

அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊடக ஆய்வாளர் டால்ஃப் ஜில்மன் 1980-களிலேயே எழுதிவிட்டார். ஒரு படம் மனநிலையை மாற்றுமா என்பது அது எவ்வளவு ஆழமாக இழுக்கிறது, நம் பிரச்சினையோடு எவ்வளவு ஒட்டுகிறது, இனிமையானதா கசப்பானதா, நம்மைக் கிளப்புகிறதா அடக்குகிறதா என்பவற்றைப் பொறுத்தது என்றார். மனப்பாடமான காமெடி இனிமையானதுதான், ஆனால் இழுக்காது, மேசையில் பாதி காலியாகக் கிடக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பதும் இதே கதை. இரண்டாவது விஷயம் இன்னும் தந்திரமானது: வேலை போனவருக்கு வேலை போன குடும்பத்தின் கதை படமே இல்லை, அசைபோடலுக்குப் புதுத் தீனி. நம்மூர்த் தமிழ்ப் படங்களில் அம்மா இறந்துபோகும் காட்சி எந்த நிமிடத்தில் வரும் என்று சொல்ல முடியாது என்பதால், பார்த்தவர் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கதை தெரிந்துவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்?

தேர்வை மனநிலையிடம் விடவும் கூடாது. 2015-இல் வந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சோகமான புகைப்படங்களையும் இசையையும் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கைந்து படம், இரண்டு மூன்று புத்தகம் என்று எழுதி வைத்துக்கொள்வது உதவும், மோசமான நாளில் தேடாமல் பட்டியலில் அடுத்ததை எடுத்தால் போதும்.

புத்தகத்தில் ஒரு சிக்கல். கவனம் நிற்காமல் போவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று, மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி போய்விடும். ஒரு காலத்தில் விடிய விடிய நாவல் படித்தவர் ஒரு பக்கம் தாண்ட முடியாமல் "இதுவும் போச்சு" என்று உட்கார்ந்துவிடுவார். அந்த நாட்களில் தடித்த நாவலைத் தொட வேண்டாம். நம் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் வரும் சிறுகதை அளவு போதும், அல்லது சின்ன வயதில் படித்த ஒன்றைத் திரும்ப எடுக்கலாம். மறந்து போயிருக்கும் அளவுக்குப் பழையதாக இருந்தால் சரி, மனப்பாடமாக இருந்தால் அந்தக் காமெடிக் கதைதான். முடியவில்லையா, யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது திட்டுகிறவரின் பாதி நியாயத்துக்கு வருவோம். உணர்ச்சி கொதிக்கும்போது மனிதர்கள் இயல்பாகவே கவனத்தைத் திருப்புவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கொதிப்பு குறைவாக இருக்கும்போது விஷயத்தை வேறு கோணத்தில் யோசித்துப் பார்ப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கால் ஷெப்பஸின் 2011 ஆய்வு காட்டியது. டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லைனஹனும் கவனத் திருப்பலை நெருக்கடி நேரத் திறன்களில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார். அதாவது அலை தாண்டும் வரை. நோலன்-ஹோக்ஸிமா வாதமும் அப்படித்தான்: மனம் கொஞ்சம் ஏறியதும் அந்தத் தெம்பில் பிரச்சினையைக் கையில் எடுக்க வேண்டும். படம் முடிந்த பிறகு ஒரு அரை மணி நேரம் கிடைக்கும், அதில் குளிக்கலாம், அந்தப் பேங்க் கடிதத்தைப் பிரிக்கலாம், ஒருவருக்குப் போன் போடலாம். அதற்குப் பதிலாக அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பித்தால், மூன்றாவது எபிசோடில் அது ஒளிந்துகொள்வதாக மாறிவிட்டிருக்கும். கடிதம் பிரிக்காமலே கிடக்கும், அடுத்த வாரம் அசைபோட அதுவும் ஒரு காரணம்.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைவிடக் கறாரான கணக்கு. அவர்களுக்குத் தூக்கம் குறைவதே மனம் கட்டுக்கடங்காமல் மேலே ஏறும் கட்டத்தைத் தூண்டிவிடக்கூடும், எலன் ஃபிராங்க் உருவாக்கிய சிகிச்சை முறை உறங்கும் நேரம், எழும் நேரம், சாப்பிடும் நேரம் இவற்றை ஒரே சீராக வைப்பதையே மையமாகக் கொண்டது. இரவு ஒரு மணிக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சமான போன், ஒவ்வொரு பகுதியும் திடுக்கிட்டு முடியும் தொடர், இது அவர்களுக்கு ஆகாது. மனம் ஏறிக்கொண்டிருக்கும்போது சண்டைப் படமும் வேண்டாம், மெதுவாக நகரும் ஏதாவது, அதுவும் பகலில். பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கு எது பகல் எது இரவு என்பதே குழம்பிக் கிடக்கும், அந்தக் குழப்பத்தை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், நிலையான ஷிஃப்டுக்குக் கடிதம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவரா என்று தயங்குகிறவர்கள் இன்னும் நிறைய. மனநலம் என்ற பேச்சை எடுத்தாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்று கிண்டல் பண்ணியே வளர்ந்த ஊர் இது. அங்கே 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு எடுத்த எடுப்பில் யாரும் உங்களை அனுப்பப் போவதில்லை, அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்தால் அங்கேயே பேசலாம், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்பதோடு என்ன பார்க்கிறீர்கள், எத்தனை மணி வரை பார்க்கிறீர்கள், பார்த்து முடித்ததும் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள், முன்பு பிடித்த படம்கூட இப்போது சப்பென்று இருக்கிறது என்றால் அதை முதலில் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் படம், புத்தகம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்கு அடியுங்கள், பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வலர் அமைப்பிடம் பேச வேண்டுமென்றால் 03-7627 2929.